சிமுலேற்றரும் செத்த பற்றரியும்: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் கிணத்து நீர்மட்டத்தைத் தானா அளந்து அனுப்புற வயர்லெஸ் சென்சர் பற்றி ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் எழுதினன். அதுக்குப் பிறகு வந்து குவிஞ்ச கடிதமெல்லாம் சுத்திச் சுத்தி ஒரே இடத்துக்குத்தான் வருது, பற்றரி கனநாள் நிக்கிற மாதிரி சென்சர் நெற்வேர்க் செய்யிறதெண்டா எந்த சிமுலேசன் சொஃப்ட்வெயார், அதாவது உண்மையா வைக்க முந்திக் கம்பியூட்டரிலை ஓட்டிப் பாக்கிற சாமான், எடுக்கலாம் எண்டு. அதாலை இந்த முறை வேற ஒண்டையும் எடுக்கேல்லை. கைபேசி சூடாகுது எண்டு கேட்ட ஐயா அடுத்த மாசம் வரைக்கும் பொறுங்கோ.

கேள்வி: கம்பஸிலை கடைசி வருசம் படிக்கிறன். புன்னாலைக்கட்டுவனிலை எங்கடை சித்தப்பாவின்ரை வெங்காயத் தோட்டத்திலை 30 இடத்திலை மண் ஈரம் அளக்கிற நெற்வேர்க் ஒண்டுதான் என்ரை புரொஜெக்ட். சேர் முதல் சிமுலேற் பண்ணிக் காட்டச் சொல்லுறார், சரிவந்தா பேந்து ரெண்டு மூண்டு நோட், அதான் சென்சரும் றேடியோவும் பற்றரியும் உள்ள சின்னப் பெட்டி, உண்மையா வைக்கலாமாம். ஒருத்தி என்எஸ்-2 எண்டுறா, ஒருத்தன் மற்லப் போதும் எண்டுறான், அண்ணா ஒராள் ஓம்நெற்++ படி எண்டுறார், ஆரோ கூஜா எண்டும் சொல்லிச்சினம். என்ரை லப்டொப்பிலை ராம் 4 ஜிபிதான். எது நல்லது?
(ஒரு மாணவி, கோண்டாவில்)

பதில்: தங்கச்சி, எது நல்லது எண்டு கேட்டா ஒவ்வொருத்தரும் தான் பழகினதைத்தான் சொல்லுவினம், நானும் உட்பட. கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடுங்கோ. உங்கடை நோட்டிலை பற்றரியைத் தின்னுறது ஆர், அந்தத் தின்னுறவரை இந்த சொஃப்ட்வெயார் எண்ணுதோ இல்லையோ?

பேப்பரும் பேனையும் எடுங்கோ, லப்டொப் வேண்டாம். சிசி2420 எண்டு ஒரு றேடியோ சிப், டெலொஸ்பி, மைக்காஇசட் எண்ட பழைய நோட்டுகளிலை இருந்தது, ஆராய்ச்சிக் கட்டுரையளிலை இப்பவும் அதைத்தான் அடிக்கடி காண்பியள். டேட்டாஷீற்றை, அதாவது சிப் செய்தவை குடுக்கிற விபரத்தாளைத் திறந்து பாத்தா, அது முழுப் பவரிலை அனுப்பேக்கை இழுக்கிறது 17.4 மில்லி அம்பியர், கேட்டுக்கொண்டு இருக்கேக்கை 18.8. பாத்தியளோ, கத்திறதை விடக் காது குடுத்துக்கொண்டு இருக்கிறதுக்குத்தான் கூடச் செலவு. இப்ப உங்கடை நோட் 10 நிமிசத்துக்கு ஒருக்கா 30 பைற் அனுப்புது எண்டு வையுங்கோ. செக்கனுக்கு 250 கிலோபிற் வேகத்திலை அது ஒரு மில்லிசெக்கன்கூட இல்லை, 3 வோல்ற் எண்டு பாத்தா ஒரு நாளைக்கு 144 தரம் அனுப்பியும் முடியிறது கிட்டத்தட்ட 7 மில்லிஜூல்தான். அதே றேடியோ அந்த நாள் முழுக்க ஒண்டும் அனுப்பாமல் சும்மா காது குடுத்துக்கொண்டு இருந்தா 4,870 ஜூல் அளவிலை போகுது. மில்லிஜூல் இல்லை, ஜூல். 6 லட்சம் மடங்குக்கு மேல.

ரெண்டு ஏஏ பற்றரிக்கு கஸ்டாலியா எண்ட சிமுலேற்றரிலை ஆரம்பத்திலையே போட்டு வைச்சிருக்கிற கணக்கு 18,720 ஜூல். றேடியோவை நித்திரைக்கு விடாமல் வைச்சா அது 4 நாள்கூட நிக்காது. நூறிலை ஒரு பங்கு நேரம் மட்டும் முழிச்சிருக்கச் சொன்னா, மற்றச் செலவை விட்டுப் பாத்தா, ஒரு வருசத்துக்கு மேல போகும். ஆகவே உங்கடை புரொஜெக்ட்டின்ரை உயிரே றேடியோ எப்ப முழிக்குது எப்ப படுக்குது எண்டதிலைதான் கிடக்கு, அதைத் தீர்மானிக்கிற மக் லேயரை ஒழுங்காச் செய்து காட்டாத சொஃப்ட்வெயார் எவ்வளவு வடிவாப் படம் கீறினாலும் உங்களுக்கு உதவாது.

இதை வைச்சுக்கொண்டு இப்ப உவை சொன்ன ஒவ்வொண்டையும் பாருங்கோ. மற்லப் எண்ட கணக்குப் போடுற சொஃப்ட்வெயார் பற்றி அடுத்த கேள்வியிலை வாறன், அது தனிக் கதை. என்எஸ்-2 வேண்டாம், ரிசிஎல் மொழியும் சி++ உம் கலந்த பழைய சாமான், இப்ப ஒருத்தரும் பாத்துப் பராமரிக்கிறதில்லை, நெற்றிலை கிடக்கிற உதவியும் பத்துப் பதினைஞ்சு வருசத்துக்கு முந்தினது. 2008இலை முதல் வெளியீடு வந்த என்எஸ்-3 வேற ஆள், பேர் மட்டும்தான் ஒண்டு, பழைய ஸ்கிரிப்ட் அதிலை ஓடாது. ஐபி, வைஃபை எண்டு பெரிய நெற்வேர்க்குக்கு அது நல்ல கெட்டி, வைஃபை றேடியோவுக்கு எனெர்ஜி மொடலும் கூடவே வருது, ஆனா சென்சர் ஆக்கள் பாவிக்கிற நித்திரை கொள்ளுற மக் வகையள் வேணுமெண்டா கனக்க நீங்களே எழுத வேண்டி வரும். 4 ஜிபி ராமிலை அதைக் கொம்பைல் பண்ண விட்டிட்டு நீங்கள் போய்க் குளிச்சுச் சாப்பிட்டு வரலாம்.

ஓம்நெற்++ படிக்கிறதுக்கு வசதி. நெட் எண்ட மொழியிலை ஆரோடை ஆர் தொடுப்பு எண்டு எழுதி, நடத்தையை சி++ இலை எழுதி, எண்களை ஐஎன்ஐ ஃபைலிலை மாத்தி மாத்தி ஓட்டலாம், படிப்புத் தேவைக்கு இலவசம். தனிய அது வெறும் அடுப்பு மாதிரி, சட்டி பானை எல்லாம் நீங்கள்தான் வைக்க வேணும். அதுக்கு மேல ஐநெற் எண்ட தொகுதியைப் போட்டா பி-மக், எக்ஸ்-மக், எல்-மக் எண்ட மக் வகை மூண்டும் கிடைக்கும், றேடியோ நித்திரையிலை எவ்வளவு, கேக்கேக்கை எவ்வளவு, அனுப்பேக்கை எவ்வளவு எண்டு உங்கடை சிப்பின்ரை எண்ணை நீங்களே குடுக்கலாம். கஸ்டாலியாவும் ஓம்நெற்++க்கு மேலதான் ஓடுது, அவுஸ்திரேலியாவிலை நிக்டா எண்ட நிறுவனத்திலை செய்தது, சென்சர் நெற்வேர்க்குக்கெண்டே செய்தபடியா சிக்னல் நேரத்துக்கு நேரம் கூடிக் குறையிறதை எல்லாம் கணக்கெடுக்கும், எனக்கு விருப்பமான சாமான். கவலை என்னெண்டா 3.3 வெர்சன் 2013இலை வந்ததோடை நிண்டு போச்சு, அதுக்கு ஓம்நெற்++ இன்ரை 4ஆம் தலைமுறை வேணும், இப்பத்தை உபுண்டுவிலை அதை ஏத்தப் போனா ஒரு கிழமை போகும். ஏத்துறதெண்டா பழைய உபுண்டுவை வேர்ச்சுவல் மெசினிலை போட்டு ஏத்துங்கோ, உங்கடை ராமுக்கு அதுவும் கஸ்ரம்தான்.

நான் உங்களுக்குச் சொல்லுறது கூஜா. காரணம் சேர் சொன்ன அந்த ரெண்டாவது விசயம், பேந்து உண்மையா நோட் வைக்கிறது. கூஜா எண்டது கொன்டிக்கி எண்ட குட்டி ஓஎஸ்ஸோடை வாற சிமுலேற்றர், சுவீடனிலை பிறந்தது, இப்ப கொன்டிக்கி-என்ஜி எண்டு 2017இலை பிரிஞ்சு வந்த வழியைத்தான் எல்லாரும் பாவிக்கினம். அதிலை நீங்கள் எழுதுற சி கோட்தான் நாளைக்கு என்ஆர்எஃப்52840 மாதிரி உண்மையான போர்ட்டிலையும் ஏறும். மற்றதுகளிலை சிமுலேசனுக்கு ஒருக்கா, போர்ட்டுக்கு ஒருக்கா எண்டு ரெண்டு தரம் எழுத வேணும், ரெண்டும் ஒண்டுதான் எண்டு வைவாவிலை நிரூபிக்கவும் வேணும்.

அதுக்குள்ள எனர்ஜெஸ்ட் எண்டு ஒண்டிருக்கு, சிபியு எவ்வளவு நேரம் ஓடினது, எவ்வளவு நேரம் படுத்தது, றேடியோ எவ்வளவு நேரம் அனுப்பினது, கேட்டது எண்டு நேரத்தை மட்டும் எண்ணித் தரும். அந்த நேரத்தை மில்லி அம்பியராலையும் வோல்ற்றாலையும் பெருக்கினா மில்லிஜூல். கணக்கு கண்ணுக்கு முன்னாலை நடக்கும், உள்ளுக்குள்ள என்ன நடக்குது எண்டு தெரியாத பெட்டி இல்லை.

ஆனா மூண்டு இடத்திலை விழுவியள், இப்பவே சொல்லி வைக்கிறன். முதலாவது, கொன்டிக்கி-என்ஜியிலை நீங்கள் ஒண்டும் மாத்தாட்டி வாறது சிஎஸ்எம்ஏ எண்ட மக், அது றேடியோவை நிப்பாட்டாது, நாள் முழுக்க முழிப்பு. அதை அப்பிடியே விட்டிட்டு றூட்டிங்கை, அதாவது செய்தி எந்த நோட் வழியாப் போறது எண்டதை, மட்டும் மாத்தி "எனெர்ஜி மிச்சம்" எண்டு கிராஃப் கீறினா வித்தியாசம் ஒண்டும் வராது, வந்தாலும் அது தற்செயல். ரிஎஸ்சிஎச் எண்டதுக்கு மாத்துங்கோ, அது நேரத்தைத் துண்டு துண்டா வெட்டி ஆர் எப்ப முழிக்கிறது எண்டு முறை போடும், எங்கடை தோட்டங்களிலை பொதுக் கிணத்துக்கு இறைப்பு முறை போட்டுத் தண்ணி பாய்ச்சின மாதிரி. பழைய கட்டுரையளிலை செக்கனுக்கு 8 தரம் முழிச்சுப் பாக்கிற கொன்டிக்கிமக் எண்டு வாசிச்சுப்போட்டுத் தேடாதேங்கோ, என்ஜியிலை அது இல்லை. ரெண்டாவது, கூஜாவிலை ரெண்டு வகை நோட் இருக்கு, ஸ்கை எண்டு எடுத்தா உண்மையான எம்எஸ்பி430 சிப்பையே கட்டளை கட்டளையா நடிச்சுக் காட்டும், சிபியு நேரமும் சரியா வரும், ஆனா அந்தச் சிப்பிலை 48 கிலோபைற் ஃபிளாஷும் 10 கிலோபைற் ராமும்தான், கோட் கொஞ்சம் வீங்கினா இடம் காணாது எண்டு கொம்பைலர் கத்தும். கூஜா நோட் எண்டு எடுத்தா 30 என்ன அதுக்கு மேலயும் உங்கடை லப்டொப்பிலை ஓடும், றேடியோ நேரம் சரி, சிபியு நேரத்தை மட்டும் நம்பாதேங்கோ. நீங்கள் 30ஐயும் கூஜா நோட்டா ஓட்டிப்போட்டு, ஐஞ்சாறை மட்டும் ஸ்கையிலை ஓட்டி சிபியு பங்கு எவ்வளவு எண்டு பாருங்கோ.

மூண்டாவது சிக்னல். கூஜாவைத் திறந்தவுடனை வாற மொடல் ஒரு வட்டம், வட்டத்துக்குள்ள நிண்டா கேக்கும், வெளியிலை நிண்டா கேக்காது. சித்தப்பாவின்ரை தோட்டத்திலை அப்பிடி வட்டம் இல்லை. வெங்காயம் நிலத்தோடை கிடக்கிற பயிர், அது பெரிசாத் தடுக்காது, ஆனா பக்கத்திலை வாழை நிண்டா உள்ளுக்கு முழுக்கத் தண்ணி, 2.4 கிகாஹேர்ட்ஸ் சிக்னலைத் தண்ணி நல்லா உறிஞ்சும், மோட்டர் கொட்டிலும் தகர வேலியும் இன்னொரு பக்கம். அடுத்த சனிக்கிழமை ரெண்டு நோட்டைக் கொண்டுபோய் எந்த இடத்திலை இருந்து எந்த இடத்துக்கு நூறுக்கு எத்தினை தகவல் பக்கெற் போகுது எண்டு எழுதிக்கொண்டு வாங்கோ, கூஜாவிலை டிஜிஆர்எம் எண்ட மொடலிலை ஒவ்வொரு சோடிக்கும் அந்த எண்ணை அப்பிடியே போடலாம். மாரிக்கு மழை தொடங்கினாப் பிறகு ஒருக்கா, வெயிலுக்கு ஒருக்கா எண்டு அளந்தியள் எண்டா அதுவே ஒரு அத்தியாயம்.

கேள்வி: லீச் புறோட்டோகோலை மற்லப்பிலை திருத்தி எழுதினன். 100 நோட், 100 மீற்றருக்கு 100 மீற்றர், ஒவ்வொண்டுக்கும் 0.5 ஜூல். பழைய லீச்சை விட என்ரை நெற்வேர்க் 40 வீதம் கூட நாள் உயிரோடை நிக்குது. இதைக் கட்டுரையா அனுப்பலாமோ?
(ஒரு விரிவுரை உதவியாளர், பருத்தித்துறை)

பதில்: அனுப்பலாம், போடுறதுக்கும் ஆக்கள் இருப்பினம், ஆனா தம்பி கோவிக்காதேங்கோ, அந்த 40 வீதம் எந்த நெற்வேர்க்கிலை எண்டு ஒருக்கா யோசியுங்கோ.

லீச் எண்டது நோட்டுகளைக் கிளஸ்டர் எண்டு கூட்டம் கூட்டமாப் பிரிச்சு, கூட்டத்துக்கு ஒரு தலைவர் மூலம் தகவல் அனுப்புற முறை, 2000ஆம் ஆண்டு எம்ஐரியிலை ஹைன்ஸெல்மான், சந்திரகாசன், பாலகிருஷ்ணன் மூண்டு பேரும் எழுதினது, நல்ல யோசினை, நான் அதைக் குறை சொல்லேல்லை. அதிலை றேடியோவுக்கு ஒரு எளிய கணக்குப் போட்டினம், ஒரு பிற்றுக்கு மின்சுற்றிலை 50 நனோஜூல், தூரத்தின்ரை வர்க்கத்தோடை கூடுற பெருக்கிச் செலவு வேற. இருபத்தைஞ்சு வருசமா அதே 50 நனோஜூலை ஒராளிட்டை இருந்து ஒராள் கொப்பி பண்ணிப் பண்ணி வந்து உங்கடை கோட்டிலையும் நிக்குது. மேல சொன்ன சிசி2420ஐயே எடுங்கோ, ஒரு பிற் போக 4 மைக்ரோசெக்கன், 17.4 மில்லி அம்பியர், 3 வோல்ற், பெருக்கினா 209 நனோஜூல் வருது. நாலு மடங்கு பிழை. சரி, எல்லாருக்கும் நாலு மடங்கெண்டா ஒப்பிடேக்கை வெட்டுப்பட்டுப் போகும் எண்டுவியள். தூரத்திலைதான் மாட்டுவியள். உங்கடை கணக்கிலை கிட்ட நிக்கிறவருக்கு அனுப்பினா செலவு மளமள எண்டு குறையுது, லீச்சின்ரை லாபமே அதிலைதான். உண்மைச் சிப்பிலை அனுப்புற பவரை 0 டிபிஎம்மிலை இருந்து மைனஸ் 25 டிபிஎம்முக்கு இறக்கினா காத்திலை போற பவர் 300 மடங்குக்கு மேல குறையும், பற்றரியிலை இருந்து இழுக்கிறது 17.4இலை இருந்து 8.5 மில்லி அம்பியருக்குத்தான் இறங்கும். அரைவாசி, அவ்வளவுதான்.

மற்றது, உங்கடை கோட்டிலை காது குடுக்கிற செலவு எங்கையாவது இருக்கோ? கிளஸ்டர் தலைவரா வந்த நோட் மற்ற எல்லாருக்கும் முழிச்சிருக்க வேணும், பக்கெற் மோதினா திருப்பி அனுப்ப வேணும், ஒரு வரியும் இல்லை. மற்லப் பிழை எண்டில்லை, யோசினை ஒண்டு ஓடுமோ எண்டு ஒரு பின்னேரத்திலை பாக்கிறதுக்கு அதை விடக் கெதியானது இல்லை. அந்த அளவிலை விடுங்கோ. அதே புறோட்டோகோலை ஐநெற்றிலையோ கஸ்டாலியாவிலையோ ஒரு உண்மையான மக்குக்கு மேல எழுதி ஓட்டுங்கோ, 40 வீதம் 6 வீதமா இறங்கினாலும் அதுதான் உங்கடை கட்டுரை.

கேள்வி: ரொஸிம் படிக்கலாமோ?
(இணுவில்)

பதில்: ரொஸிமும் ஒரு சிமுலேற்றர்தான், 2003இலை வந்தபோது பெரிய விசயம், ரைனிஓஎஸ் எண்ட சென்சர் நோட் ஓஎஸ்ஸுக்கு மட்டும், அதுவும் மைக்கா வகை நோட்டுக்கு மட்டும். தனிய அது எனெர்ஜி கணக்கெடுக்காது, அதுக்குத்தான் பவர்ரொஸிம் எண்டு பேந்து ஒட்டினவை. பழைய கட்டுரையை விளங்கிறதுக்கு வாசியுங்கோ, புதுசா ஒண்டு தொடங்க வேண்டாம்.

கேள்வி: எங்கடை இடத்திலை வீடுகள் தள்ளித் தள்ளி, கிணறுகளும் கிலோமீற்றர் கணக்கிலை தூரம். சில கிணத்திலை உப்பு ஏறுது, அதை வருசம் முழுக்க அளக்க ஆசை. லோரா போட யோசிக்கிறம். அதுக்கும் சிமுலேசன் தேவையோ?
(ஊர்ச் சங்கம் ஒண்டின்ரை செயலாளர், காரைநகர்)

பதில்: ஐயா, பத்துக் கிணறு எண்டா தேவையில்லை, ஒரு கணக்குப் போதும். லோரா எண்டது குறைஞ்ச பவரிலை கனதூரம் போற றேடியோ முறை, அதிலை நோட் நடுவிலை ஆரையும் நம்பி இருக்கிறதில்லை, எல்லாற்றை தகவலையும் வாங்கி இணையத்துக்கு அனுப்புற கேற்வே எண்ட பெட்டிக்கு நேரே அனுப்பும், அனுப்பிப்போட்டுப் படுக்கும், ஆகவே காது குடுக்கிற பிரச்சினை பெரும்பாலும் இல்லை. இஞ்ச பற்றரியைத் தின்னுறது எஸ்எஃப் எண்ட எண், அது கூடக் கூடத் தூரம் கூடும், வேகம் குறையும். 20 பைற் செய்தி எஸ்எஃப்7இலை 57 மில்லிசெக்கனிலை போயிடும், அதே செய்தி எஸ்எஃப்12இலை 1.3 செக்கன் எடுக்கும், இருபது மடங்குக்கு மேல. தூரம் போகட்டும் எண்டு எல்லாத்தையும் 12இலை வைக்கிற பழக்கம் சிலருக்கு இருக்கு, அது பற்றரிக்கும் கூடாது, காத்திலை கனநேரம் நிண்டு மற்றவையின்ரை செய்தியிலையும் மோதும். கேற்வேயை உயரத்திலை, தண்ணித் தாங்கி, கோயில் மண்டபம் எண்டு கேட்டுப் பாத்து வைச்சியள் எண்டா கன கிணறு 7இலையும் 8இலையும் கேக்கும். பனங்கூடலுக்கு அங்காலை இருக்கிற கிணறுகளை மட்டும் தனியாப் பாருங்கோ.

நூறு, இருநூறு எண்டு கூடேக்கைதான் சிமுலேசன். ஓம்நெற்++க்கு ஃப்ளோரா எண்டு ஒரு தொகுதி இருக்கு, என்எஸ்-3க்கு பாதுவா பல்கலைக்கழகத்து ஆக்கள் செய்த லோராவன் மொடியுல் இருக்கு, லங்காஸ்டரிலை செய்த லோராசிம் எண்டது பைத்தனிலை சின்னதா இருக்கும், பெடியளுக்கு அதிலை தொடங்கக் குடுங்கோ. எந்த அலைவரிசை பாவிக்கலாம் எண்டதை சாமான் வேண்ட முந்தியே தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிட்டை கேட்டுத் தெரிஞ்சு கொள்ளுங்கோ, ஓன்லைனிலை மலிவா வாறது கனக்க வேற நாட்டு அலைவரிசைக்குச் செய்தது.

கேள்வி: ஒரே சிமுலேசனைத் திருப்பி ஓட்டினா ஒவ்வொருக்காவும் வேற விடை வருது. எதை றிப்போட்டிலை போடுறது?
(மானிப்பாய்)

பதில்: எல்லாத்தையும். றண்டம் சீட்டை, அதாவது தற்செயல் எண்களுக்குத் தொடக்கமாக் குடுக்கிற எண்ணை, மாத்தி ஒரு 30 தரம் ஓட்டி, சராசரியோடை ஏத்த இறக்கத்தையும் போடுங்கோ. வடிவா வந்த ஒண்டை மட்டும் பொறுக்கிப் போடுற ஆக்களை எனக்குத் தெரியும், பேர் சொல்லேல்லை. மற்றது "நெற்வேர்க்கின்ரை ஆயுள்" எண்டா என்னெண்டு முதலிலையே எழுதுங்கோ, முதல் நோட் சாகிற நாளோ, அரைவாசி சாகிற நாளோ, இல்லாட்டி தகவல் வராமல் போற நாளோ? கேற்வேக்குப் பக்கத்திலை நிக்கிற நோட் எல்லாற்றை செய்தியையும் சுமந்து சுமந்து முதல் போயிடும், அது போனா மிச்ச நோட் எல்லாம் பற்றரி நிறைய வைச்சுக்கொண்டு சும்மா நிக்குங்கள்.

பற்றரியும் தண்ணித் தாங்கி மாதிரி கடைசிச் சொட்டு வரைக்கும் தராது. சிசி2420க்கு ஆகக் குறைஞ்சது 2.1 வோல்ற் வேணும், ரெண்டு ஏஏயும் ஒவ்வொண்டு 1.05க்கு இறங்கினா உள்ளுக்கு மிச்சம் இருந்தாலும் கதை முடிஞ்சுது. ஆயுள் எண்டு ஒரு எண் போடேக்கை இதையும் கழியுங்கோ.

கேள்வி: மகன் மூண்டு மாசமா லப்டொப்பிலை புள்ளியளை ஓட விட்டுப் பாத்துக்கொண்டு இருக்கிறான். எங்கடை கிணத்தடியிலை ஒரு பெட்டியை வையன் எண்டா "இன்னும் சிமுலேசன் முடியேல்லை அப்பா" எண்டுறான். இது உண்மையிலை ஒரு வேலையோ?
(ஒரு கமக்காரர், உரும்பிராய்)

பதில்: வேலைதான் அண்ணை, பிள்ளையைப் பேசாதேங்கோ. 30 பெட்டியை வேண்டி வைச்சுப்போட்டு பிழை எண்டு கழட்டுற காசை அந்தப் புள்ளியள் மிச்சம் பிடிக்குது. ஆனா உங்கடை பக்கத்திலையும் நியாயம் இருக்கு, என்ரை கதையைச் சொல்லுறன். சில வருசத்துக்கு முந்தி நானும் இப்பிடி ஓட்டிப் பாத்து ஒரு வருசம் நிக்கும் எண்டு கணக்கு வந்து, கூட்டாளி ஒருத்தற்றை தோட்டத்துக் கிணத்தடியிலை மூண்டு நோட் வைச்சன். 2500 மில்லி அம்பியர்-மணி லிதியம் பற்றரி, சிப் நித்திரையிலை இழுக்கிறது 10 மைக்ரோ அம்பியர் எண்டு டேட்டாஷீற்றிலை கிடந்தது, அதைத்தான் சிமுலேசனிலும் போட்டன். பத்தாம் நாள் மூண்டும் ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டா அணைஞ்சு போச்சு. மீற்றரை வைச்சுப் பாத்தா போர்ட் படுத்திருக்கேக்கையும் 10 மில்லி அம்பியர் போய்க்கொண்டு இருக்கு. சிப் நித்திரைதான், ஆனா அதே போர்ட்டிலை ஒரு சிவப்பு எல்ஈடியும், யுஎஸ்பி சிப்பும், மலிவு றெகுலேற்றரும் இராப் பகலா முழிச்சிருந்திருக்கு. எந்த சிமுலேற்றரும் அந்த எல்ஈடியை எண்ணாது, ஏனெண்டா நான் அதுக்குச் சொல்லேல்லை.

ஆகவே மகனிட்டை இப்பிடிச் சொல்லுங்கோ. முப்பதும் வேண்டாம், ஒண்டே ஒண்டை இந்தக் கிழமை வை, படுத்திருக்கேக்கை எவ்வளவு இழுக்குது எண்டு மீற்றரிலை பார், அந்த எண்ணைக் கொண்டுபோய் உன்ரை புள்ளியளுக்குப் போடு எண்டு. பெட்டியை மூடேக்கை வயர் போற ஓட்டையைச் சிலிக்கனாலை அடையுங்கோ, இல்லாட்டி எறும்பு குடியேறும், எனக்கு ரெண்டாம் தரம் செத்தது அதாலைதான்.